நாலு சர்வர், ஒரே லாகின் நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அப்ளிகேஷன் நாலு சர்வரில் ஓடுகிறது. முன்னால் ஒரு லோட் பேலன்சர் நின்று, வருகிறவர்களைக் காலியாக இருக்கும் பக்கம் அனுப்புகிறது. “இந்த யூசர் நேற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்?” என்று யாராவது கேட்கும்வரை எல்லாம் சுகம்தான். ஒரு சர்வர் இருந்த காலத்தில் லாக் ஃபைலில் (நடந்ததையெல்லாம் சர்வர் எழுதி வைக்கும் கோப்பு) கிரெப் என்ற தேடல் கட்டளை ஒன்று போட்டால் பதில் வந்துவிடும். நாலு ஆனபின் அதே கேள்விக்கு நாலு பதில் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எங்களுடையது ஜாவா மொழி, டாம்கேட் என்ற வெப் சர்வர், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். மற்றவற்றில் ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

நாலு சர்வரின் லாக் ஃபைலையும் ஒன்றாகச் சேர்த்து நேரப்படி அடுக்கினால் போதாதா?

ஒருநாள் அவசரத்துக்குப் போதும். தினசரி ரிப்போர்ட்டுக்கு அதை நம்பாதீர்கள். லாக் ஃபைல் சுழற்சியில் பழையது அழிந்துபோகும். கன்டெய்னரில் (அப்ளிகேஷனை அடைத்து ஓட்டும் தற்காலிகப் பெட்டி) ஓட்டினால் கன்டெய்னரோடு லாக்கும் போய்விடும். இதற்கெல்லாம் லாக்கை வேறிடத்துக்கு அனுப்பி வைக்கலாம். ஆனால் நாலு ஃபைலிலும் இருப்பது நாலு கடிகாரங்களின் நேரம். அதை எங்கே அனுப்பினாலும் சரியாகாது.

ஒருமுறை எங்கள் ரிப்போர்ட்டில் ஒருவர் 10:02-க்கு லாக்அவுட் ஆகி, 10:05-க்கு லாகின் ஆகியிருந்தார். வருவதற்கு முன்பே போய்விட்டார்! இரண்டு நாள் புரோகிராமைத் துருவினோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், லாக்அவுட் பதிவான மூன்றாவது சர்வரின் கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. அவர் உண்மையில் வெளியே போனது 10:05 தாண்டி. நேரத்தைச் சரிசெய்ய வேண்டிய க்ரோனி அந்த சர்வரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கண்காணிப்புத் திரையிலும் பச்சை விளக்கு. ஆனால் ஃபயர்வால் மாற்றியபோது யாரோ யூடிபி 123-ஆம் போர்ட்டை மூடிவிட்டார்கள், சர்வர்கள் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும் என்டிபி முறை பேசும் போர்ட் அதுதான். ‘க்ரோனிசி சோர்சஸ்’ என்று கேட்டுப் பார்த்தபோது ‘ரீச்’ என்ற இடத்தில் எல்லா வரியிலும் 0. அதாவது ஆள் வேலையில் இருக்கிறார், ஆனால் யாருடனும் தொடர்பில்லை. ஒரு கடிகாரம் நாளைக்கு 2 செகண்ட் தவறினாலும் 90 நாளில் 3 நிமிடம் ஆகிவிடும். எங்கள் கதையும் அதுதான்.

அப்படியானால் எங்கே எழுதுவது?

நாலு சர்வரும் பேசுகிற ஒரே டேட்டாபேஸில், தனியாக ஒரு டேபிளில். ஒரு லாகினுக்கு ஒரு பதிவு. அதில் யூசர் ஐடி, நேரம், எந்த சர்வர், செஷன் ஐடியின் ஹாஷ் (செஷன் ஐடி என்பது ஒருவரின் அந்த வருகையை அடையாளம் காட்டும் குறி, ஹாஷ் என்பது மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாதபடி அதை மாற்றியது; செஷன் ஐடியை அப்படியே எழுத வேண்டாம், டேபிளைப் பார்க்கிறவர் அதை எடுத்து உள்ளே நுழைந்துவிடலாம்), ஐபி முகவரி, எப்படி உள்ளே வந்தார், வெற்றியா தோல்வியா. இவ்வளவு போதும்.

தோல்வியான முயற்சிகளையும் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் யூசர் பெயர் போட வேண்டிய கட்டத்தில் பாஸ்வேர்டை டைப் செய்கிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அது தோல்வியாகி, ‘யூசர் பெயர்’ என்று உங்கள் டேபிளில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த வினாடியே அதே ஐபியிலிருந்து சரியான லாகின் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு யார், என்ன பாஸ்வேர்ட் என்று இரண்டும் தெரிந்துவிடும். ஆகவே யூசர் டேபிளில் இல்லாத பெயராக இருந்தால் அதை எழுதாதீர்கள். ‘தெரியாத யூசர்’ என்று மட்டும் போடுங்கள்.

யூசர் டேபிளில் ‘கடைசி லாகின்’ என்று ஒரு ஃபீல்டு ஏற்கெனவே இருக்கிறதே?

பைத்தான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் அது பிறவியிலேயே வருகிறது, ‘லாஸ்ட் லாகின்’ என்று. ஒருவர் ஆறு மாதமாக வரவில்லை, கணக்கை முடக்கலாமா என்ற கேள்விக்கு அது நன்றாக உதவும். போன வாரம் எத்தனை முறை வந்தார் என்றால் அதற்குத் தெரியாது. புதிது வந்ததும் பழையது போய்விடும்.

அந்த ஃபீல்டைப் பல சர்வர்கள் மாற்றும்போது, தாமதமாக வந்து சேரும் பழைய நேரம் புதிய நேரத்தின் மேல் ஏறிவிடக்கூடாது. அதற்காக ‘இருப்பதிலும் வருவதிலும் எது பெரிதோ அது’ என்று கிரேட்டஸ்ட் போட்டு எழுதுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் முதல் தடவை லாகின் ஆகிறவருக்கு அந்த ஃபீல்டு நல் (மதிப்பே இல்லை) ஆக இருக்கும். போஸ்ட்கிரெஸில் கிரேட்டஸ்ட் நல்-ஐக் கண்டுகொள்ளாமல் மற்றதை எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஒன்று நல் என்றால் விடையும் நல். புது யூசர்கள் எத்தனை முறை வந்தாலும் ‘ஒருமுறையும் வரவில்லை’ என்றே காட்டும். நல் வந்தால் மாற்று மதிப்பைத் தரும் கோலெஸ் போட்டு அதைத் தாண்டுங்கள்.

இன்னொன்று: போஸ்ட்கிரெஸில் ஒரு ஃபீல்டை மாற்றினாலும் அந்தப் பதிவு முழுவதற்கும் ஒரு புதுப் பிரதி எழுதப்படும். யூசர் டேபிளில் முகவரி, செட்டிங்ஸ் என்று நிறைய ஃபீல்டு வைத்திருந்தால் ஒவ்வொரு லாகினுக்கும் அவ்வளவும் ஒருமுறை நகலாகும். கடைசி லாகினுக்கு இன்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டுவிட்டால் இன்னும் மோசம். தனி டேபிளுக்கு நகர்த்திவிடுங்கள்.

எந்தக் கடிகாரத்தின் நேரத்தை எழுதுவது? சர்வருடையதா, டேட்டாபேஸுடையதா?

இரண்டையும் எழுதுங்கள். ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸின் நேரம். அது ஒரே கடிகாரம், கொஞ்சம் தவறினாலும் எல்லோருக்கும் சமமாகத் தவறும், வரிசை மாறாது. சர்வரின் நேரம் பக்கத்தில் சாட்சியாக இருக்கட்டும்.

அந்தச் சாட்சியால் கிடைக்கும் லாபம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை சர்வர் வாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். மூன்று சர்வரில் சில மில்லிசெகண்ட், ஒன்றில் மட்டும் 40 செகண்ட் என்றால் எந்த சர்வரின் கடிகாரம் கெட்டது என்று தெரிந்துவிடும். தனியாக எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று நிமிடம் தவறிய பிறகு கண்டுபிடித்தோமே, அந்த ஃபீல்டு அப்போது இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

ஒரு நுணுக்கம். போஸ்ட்கிரெஸில் ‘நௌ’ என்று கேட்டால் கிடைப்பது அந்த டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்ந்து முடியும் டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு) தொடங்கிய நேரம், அந்தக் கணத்தின் நேரம் அல்ல. லாகின் நடக்கும்போதே டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்து, வெளியே ஓடிபி சர்வீஸை அழைத்து, 20 செகண்ட் கழித்து எழுதினால் 20 செகண்ட் முந்தைய நேரம்தான் பதிவாகும். நிஜ நேரம் வேண்டுமென்றால் ‘க்ளாக் டைம்ஸ்டாம்ப்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதைவிட, ஓடிபிக்காக டிரான்சாக்ஷனைத் திறந்து வைக்காமல் இருப்பது உத்தமம்.

நேரத்தை யூடிசியில் வைப்பதா, இந்திய நேரத்திலா?

உலகப் பொது நேரமான யூடிசியில் வையுங்கள். காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக மாற்றுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மாற்ற வேண்டிய ஓரிடத்தை எல்லோரும் மறப்பார்கள். நாள் வாரியாக எண்ணும்போதுதான் அந்த இடம் வரும்.

இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5:00-க்கு லாகின் ஆகிறவர் யூடிசி கணக்கில் திங்கட்கிழமை இரவு 23:30-க்கு வந்தவர். ‘தேதி வாரியாக எண்ணு’ என்று எஸ்க்யூஎல்லில் அப்படியே போட்டால், நள்ளிரவு முதல் காலை 5:30 வரை வந்தவர்கள் எல்லோரும் முந்தைய நாள் கணக்கில் சேர்வார்கள். பகல் வேலை அலுவலகத்தில் இது கண்ணில் படவே படாது. ஒரு சப்போர்ட் குழு இரவு ஷிஃப்ட் தொடங்கும் அன்றுதான் வெடிக்கும். முதலில் நேர மண்டலத்தை மாற்றி, அப்புறம் தேதியை வெட்டி எடுக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: டைம்ஸ்டாம்ப் வகை, இணைப்பின் நேர மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். டேட்டைம் வகை கொடுத்ததை அப்படியே வைக்கும். நாலு சர்வரில் ஒன்றுக்கு மட்டும் நேர மண்டலம் வேறாக இருந்து, டேட்டைமில் எழுதினால் ஒரே டேபிளில் இரண்டு நேரங்கள் கலந்துவிடும். எந்த சர்வர் என்று எழுதாமல் விட்டிருந்தால் பிறகு பிரிக்க முடியாது. டைம்ஸ்டாம்ப் வகைக்கு வேறொரு எல்லை உண்டு. அது 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07-க்கு மேல் போகாது. லாகின் நேரத்துக்கு இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. ‘கணக்கு முடியும் தேதி’ என்று எதிர்காலத் தேதி எதையும் அதில் வைக்காதீர்கள்.

லீப் செகண்ட் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். பூமியின் சுழற்சியோடு பொருந்துவதற்காக யூடிசியில் எப்போதாவது சேர்க்கும் ஒரு செகண்ட் அது. கடைசியாக ஒன்று சேர்த்தது 2016 டிசம்பர் 31 யூடிசி முடிவில், அதாவது நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5:29:60-க்கு. அந்த வழக்கத்தை 2035-க்குள் கைவிடுவதென 2022-இலேயே சர்வதேச எடை அளவு மாநாட்டில் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு ஜாக்கிரதை: கூகுளின் நேர சர்வர் அந்த ஒரு செகண்டை நாள் முழுக்கப் பரப்பிக் கரைக்கும், மற்ற பல சர்வர்கள் அப்படிச் செய்யாது. இரண்டு வகையையும் ஒரே அமைப்பில் கலக்காதீர்கள்.

புரோகிராமில் எந்த இடத்தில் எழுதுவது?

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். ஜாவாவில் செஷன் லிசனர் என்று ஒன்று உண்டு, செஷன் உருவானதும் கூப்பிடும். புதியவர்கள் அதில் லாகின் நேரத்தை எழுதிவிடுவார்கள். ஆனால் செஷன் உருவாவது லாகின் பக்கத்தைத் திறந்தவுடன். பாஸ்வேர்ட் போடாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் கணக்கில் வருவார். லோட் பேலன்சரின் நலம் விசாரிக்கும் கோரிக்கையும் செஷன் உருவாக்கும்படி இருந்தால், சில செகண்டுக்கு ஒரு ‘லாகின்’ என்று டேபிள் நிரம்பும்.

அடையாளம் சரிபார்க்கப்பட்ட அந்த இடத்தில்தான் எழுத வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங் செக்யூரிட்டி லைப்ரரியில் அதற்கு ஈவென்ட் (நடந்ததை அறிவிக்கும் செய்தி) வருகிறது. அதிலும் ஒரு பொறி உண்டு: செஷனே இல்லாமல், ஒவ்வொரு கோரிக்கையிலும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பும் பேசிக் முறையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘அதென்டிகேஷன் சக்ஸஸ்’ ஈவென்ட் எழும். ஒரு மொபைல் ஆப் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை லாகின் ஆனதாகக் காட்டும். பேசிக் முறையை விட்டுவிட்டு, ஆள் படிவத்தில் நிரப்பி வந்ததைப் பிடிக்க ‘இன்டராக்டிவ்’ என்று தொடங்கும் ஈவென்ட் தனியாக இருக்கிறது.

ஜாங்கோவில் நேர்மாறான சங்கடம். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஆப் அனுப்பும் அனுமதிச் சீட்டு) வழியாக வருகிறவர்களுக்கு லாகின் சிக்னல் எழாது, லாஸ்ட் லாகின் மாறாது. வெப்சைட்டையே திறக்காமல் ஆப்பில் மட்டும் தினமும் வருகிறவர், டேபிளில் செயலற்ற யூசராகத் தெரிவார். அவர் கணக்கை யாராவது முடக்கினால் அப்போது புரியும். டோக்கனுக்கான சிம்பிள் ஜேடபிள்யூடி லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு. இயல்பில் அது அணைத்திருக்கும்.

‘என்னை நினைவில் வை’ குக்கீ வழியாக வந்தவரை என்ன செய்வது? எழுதுங்கள், ஆனால் ‘எப்படி வந்தார்’ ஃபீல்டில் வேறாகக் குறியுங்கள். அவர் பாஸ்வேர்ட் போடவில்லை.

ஒரு சர்வர் விழுந்து யூசர் வேறு சர்வருக்குப் போனால் இரண்டு லாகின் ஆகிவிடுமா?

செஷன் பகிரப்பட்டிருந்தால் ஆகாது. ரெடிஸிலோ (மெமரியில் இயங்கும் சேமிப்பு) டேட்டாபேஸிலோ செஷன் இருக்கும், அடுத்த சர்வர் அதை எடுத்துக்கொள்ளும், சரிபார்ப்பு மறுபடி நடக்காது. செஷன் அந்தந்த சர்வரின் மெமரியில் மட்டும் இருந்தால் யூசர் மறுபடி பாஸ்வேர்ட் போடுவார், அது உண்மையிலேயே இரண்டாவது லாகின்தான். டாம்கேட் க்ளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) செஷன் பிரதி எல்லா நோடிலும் (அதாவது சர்வரிலும்) இருப்பதால், அமைப்பைப் பொறுத்து, ‘செஷன் முடிந்தது’ என்ற அழைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட நோடில் வரலாம். ஒரே லாக்அவுட் நாலு முறை பதிவாகியிருந்தால் அங்கே தேடுங்கள்.

லாக்அவுட் நேரத்தை எப்படிப் பிடிப்பது?

நேர்மையாகச் சொன்னால், பிடிக்க முடியாது. லாக்அவுட் பட்டனை அழுத்துகிறவர்கள் குறைவு. மற்றவர்கள் டேபை மூடுவார்கள், லேப்டாப்பை மடக்குவார்கள், கரண்ட் போய்விடும்.

டாம்கேட்டில் இயல்பான செஷன் அவகாசம் 30 நிமிடம். 5:30-க்கு எழுந்து போனவரின் செஷன் 6:00 வாக்கில்தான் முடியும். அதை லாக்அவுட் நேரமாக எழுதினால் எல்லோரும் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக வேலை செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். கில் -9 (உடனே கொல்லும் கட்டளை) போட்டு சர்வரை நிறுத்தினால் செஷன் முடிந்த அழைப்பே வராது, அந்த லாகின்கள் முடிவில்லாமல் தொங்கும்.

ஆகவே ‘கடைசியாகச் செயல்பட்ட நேரம்’ என்று ஒன்றை வைத்துக்கொள்வதே வழி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதை எழுதினால் டேட்டாபேஸ் அழும். கடைசியாக எழுதி 5 நிமிடம் ஆகியிருந்தால் மட்டும் எழுதுங்கள். ரெடிஸில் வைப்பதென்றால் ஸார்டட் செட்டில் (ஸ்கோர்படி அடுக்கும் பட்டியல்) யூசர் ஐடியைப் போட்டு நேரத்தை ஸ்கோராக வைக்கலாம். ரெடிஸ் 6.2-இலிருந்து ‘ஜிடி’ என்று சேர்த்தால் புதிய நேரம் பெரிதாக இருந்தால் மட்டுமே மாறும். ஒரே நேரத்தில் நாலு சர்வரும் எழுதினாலும் பின்னோக்கிப் போகாது.

இங்கும் ஒரு பூதம் இருக்கிறது. எங்கள் பக்கத்தின் மேல்மூலையில் ஒரு மணி ஐகான், நிமிடத்துக்கு ஒருமுறை ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று சர்வரைக் கேட்கும். டேபைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் விடிய விடிய வேலை பார்த்ததாக ரிப்போர்ட் வந்தது. செஷனும் முடியவே இல்லை. தானாகப் போகும் கோரிக்கைகளை ஒரு ஹெடர் வைத்துப் பிரித்துக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகே சரியானது.

ஐபி முகவரி எல்லோருக்கும் ஒன்றாகவே பதிவாகிறதே?

அது உங்கள் லோட் பேலன்சரின் முகவரி. நிஜ முகவரி ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ ஹெடரில், வந்த வழியின் முகவரிப் பட்டியலில் வரும். ஆனால் அந்த ஹெடரை பிரவுசர் பக்கத்திலிருந்து யாரும் இட்டுக்கட்டி அனுப்பலாம். ஆகவே இடது ஓரத்தில் இருப்பதைக் கண்ணை மூடி எடுக்காமல், வலது பக்கத்திலிருந்து உங்கள் சொந்த ப்ராக்ஸிகளை (லோட் பேலன்சர் போன்ற இடைத்தரகர்கள்) தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமானோர் ஒரே வெளி முகவரியில் வருவார்கள். “இரண்டு பேர் ஒரே ஐபி, பாஸ்வேர்டைப் பகிர்ந்திருக்கிறார்கள்” என்று அதை வைத்து யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம்.

பதிவு எழுதும்போது டேபிள் பக்கம் கோளாறு என்றால் லாகினைத் தடுக்கலாமா?

எங்களைப் போன்ற அலுவலக அப்ளிகேஷனில் வேண்டாம். உள்ளே விடுங்கள், பதிவை வரிசையில் வைத்துப் பிறகு அனுப்புங்கள். மறுபடி அனுப்பும்போது இரண்டு தடவை ஏறிவிடாமல் இருக்க, லாகின் நடந்த கணத்திலேயே ஒரு தனி ஐடி கொடுத்து அதற்கு ஒரே மதிப்பை இரண்டாம் தடவை ஏற்காத யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள். இப்படித் தாமதமாக வந்த பதிவுகளுக்கு மட்டும் டேட்டாபேஸ் நேரம் பொய் சொல்லும். அப்போது சாட்சி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது?

இந்தியாவில் இயங்குபவர்களுக்கு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு பதில் சொல்கிறது. சிஸ்டம் லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைக்க வேண்டும். அதே உத்தரவில், கடிகாரங்களை தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றின் வழி வரும் சர்வரோடு, ஒத்திசைக்கவும் சொல்லியிருக்கிறது. பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்கள், அவற்றிலிருந்து விலகாத வேறு துல்லியமான நேர மூலத்தை வைத்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 5,000 பேர், நாளைக்கு 3 லாகின், 180 நாள் என்றால் 27 லட்சம் பதிவுகள். பதிவுக்கு 150 பைட் வைத்தாலும் சுமார் 400 எம்பி. ஒரு பென் டிரைவில் அடங்கும். டேபிளை மாத வாரியாகப் பிரித்து (பார்ட்டிஷன்) வைத்தால் பழைய மாதத்தை ஒரே கட்டளையில் கழற்றி எறியலாம். டிலீட் போட்டு லட்சக்கணக்கில் அழித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

இதை வருகைப் பதிவாக எச்ஆருக்குக் கொடுக்கலாமா?

கேட்பார்கள், கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம், மேலே லாக்அவுட் பற்றி எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். ஒருவர் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டு செஷனையும் கூட்டி 16 மணி நேர வேலை என்று காட்டும் எக்செல் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படித் தீர்த்தன?

அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியைப் பாருங்கள், இதே தலைவலி அப்படியே அங்கே இருக்கிறது. ‘லாஸ்ட் லாகான்’ என்ற மதிப்பு எந்த டொமைன் கன்ட்ரோலரில் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) நுழைந்தாரோ அங்கே மட்டும் இருக்கும், மற்றவற்றுக்குப் போகாது. சரியான விடை வேண்டுமானால் எல்லா கன்ட்ரோலரையும் கேட்டு, பெரியதை எடுக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2003-இல் ‘லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்’ என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். அது எல்லா கன்ட்ரோலருக்கும் பரவும். ஆனால் நெட்வொர்க்கில் சுமை ஏறக்கூடாது என்பதற்காக, பழைய மதிப்புக்கு 9 முதல் 14 நாள் வயதானால்தான் புதுப்பிக்கும். தினமும் வருகிறவருக்கும் பத்து நாள் பழைய தேதி காட்டலாம். யாரை நீக்கலாம் என்று பார்க்க அது போதும். நேற்று எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்க அது உதவாது. எந்தக் கேள்விக்கு எந்த ஃபீல்டு என்று தெரியாமல் ரிப்போர்ட் போட்டவர்கள் நிறைய.

எல்லாம் வைத்தாயிற்று. சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டெஸ்ட் சூழலில் ஒரு சர்வரின் கடிகாரத்தை வேண்டுமென்றே 5 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். க்ரோனியை நிறுத்திவிட்டுத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது திருத்திவிடலாம். அந்த சர்வரில் லாகின் ஆகி, வேறு சர்வரில் உடனே லாக்அவுட் ஆகுங்கள். ரிப்போர்ட்டில் வரிசை மாறாமல், சாட்சி நேர வித்தியாசத்தில் அந்த சர்வர் மட்டும் 300 செகண்ட் என்று தனித்து நிற்க வேண்டும். அப்புறம் இரவு 12:10-க்கு ஒரு லாகின் போட்டு, அது எந்தத் தேதியில் விழுகிறது என்று காலையில் பாருங்கள். க்ரோனியை மறுபடி ஓடவிட மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்திருக்கிறேன்.